நீரின் வாய்ப்பாடு

நாகஜோதி டீச்சர் வேதியியல் வாய்ப்பாடு நடத்தினால் மரமண்டைக்கும் ஏறும் என்று அந்தப் பல்லடத்துப் பள்ளியில் பேச்சு. சோடியத்துக்கு மின்சுமை ஒன்று, சல்பேட்டுக்கு இரண்டு. மாற்றிப் போட்டால் இரண்டு சோடியம், ஒரு சல்பேட். நீர் போன்ற மூலக்கூறுகளோ எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

அப்படி நடத்தியும், மாலையில் ஆசிரியர் அறையில் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தவளுக்குத் தலை கிறுகிறுத்தது. நீரின் வாய்ப்பாடு என்ன என்ற கேள்விக்கு முதல் தாளில் H₂S. அடுத்ததிலும் அதே. கட்டு முழுக்க அதே. கூடிப் பேசிக் கொழுப்பெடுத்து எழுதியிருக்குதுகள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு மையால் பெருக்கல் போட்டுத் தள்ளினாள். ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம், மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஒன்று தாகத்தைத் தீர்க்கும், மற்றது விஷ வாயு, ஆளையே தீர்த்துவிடும்.

யாழினியின் தாளிலும் அதைப் பார்த்ததும் கை நின்றது. அவளுடைய அப்பா லிங்கசாமி போன வருடம் சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, இந்த வாயுவில்தான் செத்துப்போனார். அந்தப் பிள்ளை இதை விளையாட்டுக்கு எழுதாது.

அப்போதுதான் தாள்களிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பியது. சன்னலைத் திறக்க எழுந்தாள்; அதற்குள் வாடை சுத்தமாக நின்றுபோனது. இந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று போன வாரம் வகுப்பில் சொல்லியிருந்தாள். வீட்டில் சொல்லவில்லை. அவள் கணவன் மாரிச்செல்வத்துக்கு லிங்கசாமி செத்த அதே பட்டறையில்தான் வேலை.

உடனே அவனுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"தொட்டியில அடைப்பு, நாகு. இவ்வளவு நேரமா ஒரே நாத்தம், இப்பத்தான் நின்னுச்சு. இறங்கப் போறேன்."

"இறங்காதீங்க. எம்மேல சத்தியம், தள்ளி வாங்க."

முணுமுணுத்தபடியே தள்ளி வந்தான். லைனைத் துண்டிக்க வேண்டாம் என்று சொல்லி, வாயு அளக்கும் மீட்டரைக் கொண்டுவரச் செய்தாள். தொட்டி வாயில் அதைப் பிடித்ததும் அது அலறியது அவளுக்குப் போனிலேயே கேட்டது. அவள் மேசையில் தலை சாய்த்து அழுதாள்.

மறுநாள் வகுப்பில் கட்டைப் பிரித்தால் எல்லாத் தாளிலும் H₂O. சரியான விடைகள் மேலெல்லாம் அவள் கைப்படப் போட்ட சிவப்புப் பெருக்கல். பிள்ளைகள் மார்க் கேட்டுச் சண்டைக்கு வந்தார்கள்.

யாழினி மார்க் கேட்கவில்லை. மேசையருகே வந்து நின்றாள். நேற்று நடந்ததை நாகஜோதி பள்ளியில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"உங்க ஊட்டுக்காரரு எறங்கலைதானுங்க, டீச்சர்?"

நாகஜோதி இறங்கவில்லை என்று தலையாட்டினாள்.

"நல்லதுங்க. எங்கப்பாவும் வாடை நின்னுருச்சுன்னுதானுங்க எறங்குனாரு."