வெள்ளிக்கிழமை டீசல்

1.

"கலந்தா நான் ஒரு சொட்டும் தரமாட்டன், கொறற்றி. இப்பவே சொல்லிப்போட்டன்."

"யாருக்கா கலக்குறாங்க? கேன் ரெண்டு இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

"பாத்தனான். ரெண்டும் ஒரே நிறம்."

"ஒரே நெறந்தான்க்கா வரும். இஞ்சின் என்ன நம்மள மாதிரி நாக்கு வச்சிக்கிட்டா குடிக்குது, மாட்டெறச்சி ஆகாதுன்னு துப்புறதுக்கு?"

"இஞ்சினுக்கு ஆகும். எனக்கு ஆகாது. கோயிலுக்குப் போற வழியெல்லாம் பின்னால மாட்டிறைச்சி ரோல்ஸ் மணந்தா நான் போய் என்னத்தைக் கும்பிடுறது?"

இவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. 2008இல், மாத்தளையிலிருந்து பலாபத்வல போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் போட்ட சண்டை. ஒருவர் பேச்சு யாழ்ப்பாணம், மற்றவர் பேச்சு நம்முடைய மலைநாடு. அவர்கள் இறங்கிப் போனார்கள், சண்டையின் மீதியும் அவர்களோடு இறங்கிப் போய்விட்டது. இனி வருவதெல்லாம் நான் கட்டியது. பெயர்களும் நான் வைத்தவைதான்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைகளுக்கு நடுவே மூடுபனி சூழ்ந்த பலாபத்வலையில்—"

அடித்துவிட்டேன். பலாபத்வலையில் அன்று நல்ல வெயில்.

இரண்டாவது: "உலக எண்ணெய் விலை உயர்ந்தபோது சாதாரண மனிதன்—"

இதையும் அடித்தேன். ஒஸ்வல்ட் சாதாரண மனிதன் இல்லை. சாதாரண மனிதன் வடை பொரித்த எண்ணெயில் வேன் ஓட்டுவானா?

ஒஸ்வல்ட் வாடகைக்கு வேன் ஓட்டுகிறவர். கொறற்றி அவர் மனைவி. டீசல் விலை ஏறி, ஹயர் ஓடினால் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை வந்தபோது, கண்டியில் ஒரு மெக்கானிக்கிடம் இந்த வேலையைப் பழகிக்கொண்டு வந்தார். பழைய எண்ணெயைத் துணியில் வடிகட்டி, சூடாக்கி, காஸ்டிக் சோடாவும் ஒருவகை ஸ்பிரிட்டும் சேர்த்து ஒரு நாள் ஆறவிட வேண்டும். அடியில் தேன்பாகு மாதிரி ஒன்று படியும். மேலே தெளிந்து நிற்பதைக் கழுவிக் காயவைத்து, பெட்ரோல் செட்டில் வாங்கிய டீசலோடு கலந்து ஊற்றினால் வேன் ஓடும்.

(அளவு என்ன என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும், ஆவியும் விஷம். ஒஸ்வல்ட் ஒரு தடவை புருவம் கருகியதோடு தப்பினார். கதை வாசித்துவிட்டு யாரும் வீட்டுக் குசினியில் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.)

எண்ணெய் இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று, சந்தியில் இருக்கும் மஹ்ரூப்பின் சாப்பாட்டுக் கடை. அங்கே காலை முதல் மாலை வரை மாட்டிறைச்சி ரோல்ஸ் பொரியும். மற்றது, பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி வடை பொரிக்கும் தாச்சி.

3.

பாலேஸ்வரியை நான் முதல் பிரதியில் ஒரு பிடிவாதக்காரியாக எழுதினேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவர் புதன்கிழமை மீன் சாப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை இறால் கிடைத்தால் விடமாட்டார். ஆனால் வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது, மாடு எந்தக் கிழமையும் கிடையாது. வெள்ளிதோறும் மாத்தளையில் அம்மனைக் கும்பிடப் போவது ஒஸ்வல்டின் வேனில். அந்த வேன் மாட்டுக் கொழுப்பில் ஓடக்கூடாது என்று அவர் கேட்டதில் எனக்கு இப்போது தவறே தெரியவில்லை. தன் எண்ணெயைச் சும்மா கொடுத்தார். பதிலுக்கு ஒரே ஒரு நிபந்தனை.

ஆகவே ஒஸ்வல்ட் இரண்டு கேன் வைத்தார். ஒன்றில் சிவப்புப் பெயின்டில் 'ச', மற்றதில் 'ம'. சைவம், மச்சம். வெள்ளிக்கிழமை காலையில் 'ச' கேன். கோயிலிலிருந்து திரும்பிய பிறகு 'ம'.

பாலேஸ்வரிக்கு அதில் பெரிய சந்தோசம். வேனில் ஏறியதும் மூக்கை உறிஞ்சுவார்.

"மணத்தைப் பாருங்கோவன். சரியான உழுந்து வடை!"

பக்கத்தில் இருக்கும் கணவர் ஆறுமுகநாதன் "ஓம், ஓம்" என்பார். அவர் அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். அவருடைய மூக்குக்கு ஒரு மணமும் வந்ததில்லை. அதைச் சொல்லி வெள்ளிக்கிழமையைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டார். இந்தக் கதை அவரோடுதான் போகப் போகிறது. அதை நானே இந்த இடத்துக்கு வந்துதான் கண்டுகொண்டேன்.

4.

அந்த வெள்ளிக்கிழமை மாத்தளைக்குள் நுழையும் முன் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் வேனை மறித்தார்கள். வழக்கமாக ஒஸ்வல்டைக் கண்டதும் கை காட்டிவிடுவார்கள். அன்று நின்றவர்கள் எல்லாரும் புது ஆட்கள்.

ஆறுமுகநாதனின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தான் ஒரு சிப்பாய். பிறந்த இடம் யாழ்ப்பாணம்.

"இறங்கு."

அவர் இறங்கினார். பின் சீட்டுக்குக் கீழே இருந்த கேன்கள் இரண்டும் இறங்கின. சிப்பாய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அதிகாரியைக் கூப்பிட்டான்.

இதன்பிறகு பேசியது முழுவதும் சிங்களத்தில். பாலேஸ்வரிக்குச் சந்தையில் மரக்கறி வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம். வேனுக்குள் இருந்த அவருக்கு விளங்கியது இரண்டு விஷயம்: கணவரை மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"இது என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"வேனுக்கு ஊத்துற எண்ணெய், சேர். பழைய சமையல் எண்ணெயில செய்றது," என்றார் ஒஸ்வல்ட்.

"இரண்டும்?"

"இரண்டும்."

"அப்படியென்றால் ஏன் இரண்டு கேன்? ஏன் இரண்டு எழுத்து?"

ஒஸ்வல்ட் விளக்கினார். இது வடை எண்ணெய், அது இறைச்சி எண்ணெய். வேனில் இருக்கும் அம்மா கோயிலுக்குப் போகிறவர், ஆகவே வெள்ளிக்கிழமைக்கு வேறு. சொல்லச் சொல்ல அவருக்கே அது கட்டுக்கதை மாதிரிக் கேட்டது. அதிகாரி ஒரு துணியைக் கிழித்து ஒவ்வொரு கேனிலும் நனைத்து முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"இரண்டிலும் ஒரே வாடை. நீ பொய் சொல்கிறாய்."

பிறகு ஆறுமுகநாதனைக் காட்டி, "இவரை முகாமுக்கு அனுப்பு, விசாரிக்கலாம்," என்றார்.

5.

இந்த இடத்தில் பேனையைப் பல நாள் கீழே வைத்திருந்தேன்.

ஒரு பிரதியில் இரண்டு கேனும் வேறு வேறாக மணந்தன. ஒன்று வடை, மற்றது ரோல்ஸ். ஆமிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எழுதும்போது நன்றாக இருந்தது, வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அந்தக் காலத்தை அறிந்த யாரிடமும் அதைக் காட்ட முடியாது.

இன்னொரு பிரதியில் அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு பாலேஸ்வரி ஒவ்வொரு அலுவலகமாக—

அதையும் நிறுத்தினேன். அந்த முடிவு உண்மையாகவே நடந்த வீடுகள் இருக்கின்றன. இரண்டு எண்ணெய்க் கேனைச் சுற்றி எழுதும் கதைக்காக அதை அவர்களிடம் இரவல் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது பிரதியில் ஒஸ்வல்ட் நான் சொல்லிக்கொடுக்காமலே வாயைத் திறந்தார்.

6.

"சேர், ஒரே வாடைதான். ஏன்னா ரெண்டும் ஒன்னுதான்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வீட்டு வடை எண்ணெயில எங்க சேர் கேன் நிரம்பும்? போன வருசமே நான் கலந்திட்டேன். கடை எண்ணெயும் அந்தம்மா எண்ணெயும் ஒரே பீப்பாயிலதான் காய்ச்சுறது. எழுத்து மட்டும் வேற. அந்தம்மா மனசு நோகாம இருக்கத்தான் ரெண்டு கேன். என் சம்சாரத்துக்கே தெரியாது, அது இன்னும் எனக்காகச் சண்டை போட்டுக்கிட்டிருக்கு. இந்த மனுசனுக்கும் கேனுக்கும் சம்பந்தமே இல்ல. கோயிலுக்குத்தான் போறாரு. பாவம் செஞ்சது நான்."

கச்சேரி வேலையில் சிங்களம் பழகிய ஆறுமுகநாதன் மணல் மூட்டையைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டார்.

அதிகாரி வேன் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாலேஸ்வரி அவரையே பார்த்தபடி இருந்தார்.

"அந்த அம்மாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது, சேர்."

பொய் சொல்கிறவன் பொதுவாகத் தன்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டித்தான் சொல்வான். ஒஸ்வல்ட் சொன்னதில் அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் அதிகாரி நம்பியிருக்க வேண்டும். (அல்லது அவருக்கும் பௌர்ணமிப் போயா தினத்தில் விரதம் இருக்கும் ஒரு தாய் இருந்திருக்கலாம். அந்த வரியை எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் இனிப்புக் கூடிவிட்டது. வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.)

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "போங்கள்," என்றார். ஒஸ்வல்டிடம் மட்டும் மெதுவாக, "எழுத்தை அழித்துவிடு," என்றார்.

7.

வேன் புறப்பட்டது. பாலேஸ்வரியின் கை கணவரின் சட்டைக் கையைப் பிடித்தபடியே இருந்தது.

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா," என்றார். பிறகு, "ஒஸ்வல்ட் என்னப்பா சொன்னவர்? அவ்வளவு நேரம் கதைச்சவர். அந்த ஆமிக்காரன் ஏன் என்னைத் திரும்பிப் பார்த்தவன்?"

கண்ணாடியில் ஒஸ்வல்டின் கண்கள் தெரிந்தன. அவை ரோட்டைப் பார்க்கவில்லை.

ஆறுமுகநாதன் உண்மையைச் சொன்னால் பாலேஸ்வரி அந்த இடத்திலேயே இறங்கிவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். ஈரத் தலையோடு, தட்டோடு, நடந்தே திரும்பி வீட்டுக்குப் போய் முழுகுவார். இனி ஒரு சொட்டு எண்ணெயும் வேலிக்கு மேலால் போகாது, ஒரு வார்த்தையும் போகாது. தன்னை மீட்டுக் கொண்டுவந்த ஆளுக்கு ஆறுமுகநாதன் கொடுக்கும் கூலி அதுவாகிவிடும்.

சொல்லாவிட்டால் ஒவ்வொரு வெள்ளியும் அவர் "மணத்தைப் பாருங்கோவன்" என்பார். இவர் "ஓம், ஓம்" என்பார். இதுவரை சொன்ன ஓம் வேறு. இனிச் சொல்லப் போகும் ஓம் வேறு.

"ஆறுமுகநாதன் மெல்லத் தொண்டையைச் செருமி—"

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க இயலவில்லை. ஆறுமுகநாதனாக இருந்து யோசித்தால் சொல்லவேண்டாம் என்று படுகிறது. ஒஸ்வல்டாக இருந்து யோசித்தாலும் அப்படித்தான். ஆனால் நாங்கள் இரண்டு மூன்று ஆண்கள் கூடி ஒரு பெண்ணின் விரதத்தைப் பற்றி எடுக்கும் முடிவு அது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ஆறுமுகநாதன் இடத்தில் இருந்து பதில் எழுதாதீர்கள், அந்தப் பதில் என்னிடமே இருக்கிறது. பாலேஸ்வரியின் சீட்டில் கொஞ்சம் இருந்து பாருங்கள். மடியில் தட்டு. பக்கத்தில், உயிரோடு திரும்பி வந்த புருஷன். நீங்கள் கேள்வி கேட்டாயிற்று. உங்களுக்கு உண்மை வேண்டுமா, வேண்டாமா? ஒரு வரி போதும், கீழே எழுதுங்கள்.