வெஸ்டர்கோர் வீட்டுக் கோணல்

எங்கள் வெஸ்டர்கோர் குடும்பத்தில் எதுவும் கோணலாக இருந்ததில்லை. அதனால், என் மகள் இங்கருக்கும் மகன் கிரெஸ்டனுக்கும் ஆறாவது குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருக்கிறது என்று ஓர்ஹூஸ் நகரத்து டாக்டரம்மா லிஸ் சொன்னபோது, அது என் மனைவி எல்லன் வழி வந்தது என்று அப்போதே சொல்லிவிட்டேன். எல்லன் மோல்ஸ் பகுதிக்காரி. மோல்ஸ்காரர்களின் புத்தியைப் பற்றி எங்கள் யூட்லாந்து வட்டாரமே சிரிக்கும்.

உடம்பின் நோயெதிர்ப்பு மரபணுக்கள் எந்தக் குரோமோசோமில் குடியிருக்கின்றன என்று லிஸும் அவர் கூட்டாளிகளும் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் திரும்பிய துண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே நோயெதிர்ப்பு மரபணுவும் சேர்ந்தே வந்திருந்தால், இரண்டுக்கும் ஒரே வீடு. என் எழுபதாவது பிறந்தநாளுக்கு, எங்கள் ஊர் வழக்கப்படி வாசலில் கொடியேற்றி, உறவெல்லாம் கூடியபோது, பன்றி வறுவலுக்கும் பிறந்தநாள் பாட்டுக்கும் நடுவே எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள். நான் மட்டும் கொடுக்கவில்லை. எங்கள் ரத்தத்துக்குப் பரிசோதனை எதற்கு?

அறுவடை முடிந்ததும் லிஸ் திரும்பி வந்தார். காபி மேசையில் இங்கரும் எல்லனின் தம்பி வில்லட்ஸும் இருந்தார்கள்.

"பிள்ளைங்க அம்மாவோடது நேராத்தான் இருக்கு," என்றார் லிஸ்.

வில்லட்ஸ் கேக்கைக் கீழே வைத்தான். "அப்போ கோணல் எங்கேருந்து வந்துச்சு மச்சான்? பிள்ளையைக் கொண்டாந்து போடும்னு சொல்ற நாரை இதையும் போட்டுச்சா?"

"ரெண்டு பிள்ளைக்கும் இருக்கறதால இது தானா வந்ததில்ல, அப்பாகிட்டேருந்து வந்திருக்கணும்," என்றார் லிஸ். "உங்க ரத்தம் இல்லாம எங்களால கணக்கை முடிக்க முடியாது ஐயா."

"எங்க வம்சத்துல கோணல் கிடையாது."

எல்லன் எனக்குக் காபி ஊற்றினாள். "அவருகிட்ட கிடையாதாம், டாக்டரம்மா. விடுங்க. பால்வண்டி யெப்பேவைக் கேட்டுப் பாருங்க. அவரு ரத்தம் கொடுக்கக் கை நீட்டுவாரு."

வில்லட்ஸுக்குப் புரை ஏறியது. இங்கர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பில் தோள் குலுங்க நின்றாள்.

நான் கோட்டைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"எடுங்க. நல்லா நிறையவே எடுங்க. அதுல கோணல் இருக்கும். இல்லேன்னா உங்க கண்ணுலதான் கோளாறு."

அதற்குப் பிறகு பரிசோதனை முடிவுக்காகத் தபால்காரரை நான் வாசலிலேயே நின்று எதிர்பார்த்தேன். ஒருநாள் லிஸ் தொலைபேசியில் அழைத்தார்: என் ஆறாவதில் அந்தத் துண்டு அழகாகத் தலைகீழாக இருக்கிறது, நோயெதிர்ப்பு மரபணுவும் அதோடு கூடவே பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது. அந்த மரபணுக்களின் வீடு ஆறாவதுதான்.

நான் நேராகப் போய்க் கொடியை ஏற்றினேன். பால்வண்டியை நிறுத்தி யெப்பே கேட்டான்: "யாருக்குப் பிறந்தநாள் பெரியவரே?"

"என் பிள்ளைங்களுக்கு," என்றேன். "நீ கிளம்பு."