நீக்கிய பதினேழு இடங்கள்

புனல் கிடைக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்துக் கவிழ்த்து வைத்து, அதன் வழியாக சித்தார்த் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான். பாதி உள்ளே போனது, பாதி அவன் கால் மேல். ஜெனரேட்டர் நின்றால் ஐஸ் பெட்டியும் நின்றுவிடும். காலையில் போன கரண்ட் பத்து மணியாகியும் வரவில்லை. அந்த டிசம்பரில் கடலூரில் கரண்ட் போவது செய்தியே இல்லை. வந்தால்தான் செய்தி.

பந்தலுக்குள், கண்ணாடிக்கு அடியில், அப்பா உத்திராபதி. முந்தின நாள் சாயங்காலம் மூச்சிழுப்பு ஜாஸ்தியாகி, ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. குறிஞ்சிப்பாடியில் ஒரு அரிசி மில்லில் முப்பத்தோரு வருடம் மூட்டை எடை போட்டவர். உமித்தூசியாலோ பீடியாலோ, இருமல் அவரோடு கூடவே குடியிருந்தது.

"திட்டக்குடிக்காரங்க விருத்தாசலம் தாண்டிட்டாங்களாம். ரெண்டு மணிக்கு எடுத்துறலாம்" என்றாள் அப்பாவின் தங்கை ராசம்மாள். "டேய் சித்தார்த்து, ஒரு எடத்துல உக்காரேன்டா. குட்டி போட்ட பூன மாரி என்னாத்துக்கு அலையிற?"

அவன் உட்காரவில்லை.

அம்மா தில்லையம்மாள் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "ராசம்மா, சிதம்பரத்துல இவனுங்க கச்சேரி பண்ணி டிவிடி போட்டானுங்களே, அதுல இவரு இருப்பாருல்ல? முன்னால உக்காந்து கேட்டேன்னாரே."

"எங்கண்ணனா? வூட்ல இவன் கிட்டாரத் தொட்டாலே, மில்லுல பெல்ட்டு அறுந்தா இப்பிடித்தான் கத்தும்பாரு. அவரு முழுசா உக்காந்தாராமா?"

"கடேசி பாட்டு வரைக்கும் இருந்தாராம். அன்னிக்கி எரைச்சலே இல்ல, மெதுவா நல்லா வாசிச்சானுங்கன்னாரு. தம்பி, கரண்ட் வந்ததும் அதப் போடுறா. ஒரு தடவ பாத்துக்கறேன். பேசறாப்ல எங்கனா இருந்தாலும் போடு."

"சரிம்மா" என்றான். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு, மறுபடி ஜெனரேட்டரிடமே வந்து நின்றான். அந்த டிவிடியில் அப்பா இல்லை. இல்லாமல் செய்தவன் அவன்தான்.

'உப்பனாறு' என்பது அவர்களுடைய இசைக்குழுவின் பெயர். ஒன்றாக இன்ஜினியரிங் படித்த ஐந்து பேர். ராபர்ட் பாட்டு, சித்தார்த் கிட்டார். ஸ்பீக்கர் கிழிய வாசிக்கிற ஹார்டு ராக்தான் அவர்களுக்குத் தெரிந்தது. ஆகஸ்டில் சிதம்பரம் மேலவீதியில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்து, நிகழ்ச்சியை ஆல்பமாகவும் வீடியோவாகவும் பதிவுசெய்ய எல்லாம் தயாராக இருந்தபோது கரண்ட் போயிற்று. வாடகை ஜெனரேட்டரின் உறுமல் மைக்கில் ஏறியது.

"ஜெனரேட்டர நிறுத்திட்டு ஆம்ப்ப தூக்கி ஓரமா வையி மச்சான்" என்றான் ராபர்ட். "மரக் கிட்டாரு ரெண்டு இருக்கு, எனக்குத் தொண்ட இருக்கு. போதும்."

பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர், இரண்டு கேமரா, நாலு எமர்ஜென்சி விளக்கு. எண்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவரால் மட்டும் மூச்சைப் பிடிக்க முடியவில்லை.

நாலாவது பாட்டு முடிந்ததும் சித்தார்த் மேடையிலிருந்து இறங்கிப் போய்க் குனிந்து அவரிடம் பேசினான். துண்டை வாயில் அழுத்திக்கொண்டு அவர் எழுந்து போனார். பிறகு ஒரு வாரம் ராபர்ட்டின் வீடியோ கடையில் உட்கார்ந்து, இருமல் விழுந்த இடங்களையெல்லாம் வெட்டி, அந்தந்த வரியைத் திரும்ப வாசித்து ஒட்டினான். அவர் முகம் வந்த காட்சிகளில் அடுத்த கேமராவின் காட்சியைப் போட்டான். கடைசிப் பாட்டில் மட்டும், கூர்ந்து பார்த்தால், மூன்றாவது வரிசையில் ஒரு காலி நாற்காலி தெரியும். சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகை, பாட்டை விட அந்த மண்டபத்தின் நிசப்தத்தைத்தான் பாராட்டி எழுதியிருந்தது.

தெருமுனை வரை நடந்தான். ஜெனரேட்டர் சத்தம் அங்கேயும் கேட்டது. ராபர்ட்டுக்குப் போன் போட்டான்.

"கெளம்பிட்டேன் மச்சான், ஒரு கல்யாண வீடியோ ஆர்டரு, அதக் குடுத்துட்டு..."

"அன்னிக்கி ரெக்கார்டு பண்ணுன ஒரிஜினல் இருக்காடா?"

"அது அழிச்சாச்சே. டிஸ்க்கு ரொம்பிடுச்சி. நீதான இனிமே வேணாம்ன."

"வீடியோ?"

"அதும்தான்" என்றான் ராபர்ட். "வெட்டுனது கெடக்கு மச்சான்."

"எது?"

"பாட்டுலேருந்து நீ வெட்டுனது. தனியா ஒரு ஃபோல்டர்ல கெடக்கு. பதினேழு துண்டு."

"எடுத்துட்டு வா."

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. டிவிடியைப் போடச் சொல்லி அத்தை டிவியைக் காட்டினாள். அதற்குள் திட்டக்குடிப் பெரியவர் ஒருவர், "சாவு வூட்ல டிவியா? நல்லாருக்கு கத!" என்று அதட்டினார். சித்தார்த்துக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகவே அங்கே நிற்க முடியாமல் கொல்லைக்குப் போனான்.

கெடிலம் ஆற்றங்கரையில் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பியபோது மணி நாலரை. வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். பெண்கள் கூடத்தில் ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார்கள். அம்மாவும் சுவரோரம் ஒருக்களித்துக் கண் மூடியிருந்தாள். மறுநாள் பால் தெளிக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது, ராத்திரிச் சாப்பாடு அத்தை வீட்டிலிருந்து வரும்.

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் ராபர்ட் உட்கார்ந்திருந்தான். மழித்த தலையைப் பார்த்ததும் எழுந்து போனை நீட்டினான்.

"அம்மாகிட்ட காட்டப் போறியா?"

"இத எப்பிடிடா காட்டறது?"

முதல் துண்டைத் தொட்டான். பாதியில் அறுந்த ஒரு கிட்டார் ஒலி, அதன் மேல் இருமல். மூன்று நொடி. இரண்டாவது தானாக ஓடியது. பிறகு மூன்றாவது. வறட்டு இருமல் இரண்டு, நீளமாக ஒன்று, தொண்டைச் செருமல். ஏழாவதுக்கு மேல் அடுத்தது எப்படி வரும் என்று அவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. இருபத்தாறு வருடம் பக்கத்து அறையில் கேட்டது. நடந்துகொண்டே கேட்டவன் நின்றான்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். தீக்குச்சி உரசும் சத்தம்.

"அண்ணி, என்னா பண்ற? இன்னிக்கி அடுப்பு பத்த வெக்கக் கூடாது." அத்தையின் தூக்கக் குரல்.

"வென்னிதான். விடாம இருமறாரே."

அத்தை மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பதினான்கு. பதினைந்து. "போதும் மச்சான்" என்று ராபர்ட் கை நீட்டினான். "கடேசில இருக்கறது பாட்டு இல்ல." சித்தார்த் போனை விலக்கிப் பிடித்துக்கொண்டான். பதினாறு ஓடி முடிந்தது. அடுத்ததில் அவனுடைய குரலே வந்தது.

'செத்த வெளிய போயி நில்லுப்பா. எல்லாம் ரெக்கார்டுல ஏறுது. ஏன்தான் வந்தியோ.'

நாற்காலி நகரும் ஓசை.

'சரி சாமி. நீ வாசி.'

நின்றது.

பின்வாசலில் அம்மா. ஆவி பறக்கும் டம்ளரை முந்தானையால் பிடித்திருந்தாள். எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. ராபர்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கி சிதம்பரத்துல மழையா?" என்றாள்.

சித்தார்த் போனைக் கவிழ்த்துப் பிடித்தான்.

"சட்டயெல்லாம் ஈரமா வந்தாரு. பஸ்ஸு ஒழுவுதுன்னாரு."

டம்ளரைக் கல்லின் மேல் வைத்தாள். திரும்பிப் போகவில்லை. குடித்து முடித்ததும் காலி டம்ளரை வாங்கிப் போகிறவள் போல அங்கேயே நின்றாள். சித்தார்த் அதை எடுத்தான். சூடு தாங்காமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தான். கீழே வைக்கவில்லை.