நாலாவது டேக்

நுரையீரல் புற்றுநோய்; டாக்டர்கள் கொடுத்த கெடு இரண்டு மாதம். அதற்குள் ஒரு படம் இயக்கியே தீருவேன் என்றார் பியோன் தே-சிக், வியட்நாம் போரில் எங்கள் கொரியப் படைக்குச் சமைத்தவர். அவர் இருந்த ஆஸ்பத்திரியிலேயே படப்பிடிப்பு; கேமராவும் கிளாப்பும் என் பொறுப்பு. போர்க்காட்சி கேட்பார் என்று நினைத்தேன். அவரோ, நர்ஸ் பானையில் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டுவதை எடுக்கச் சொன்னார்.

"அந்தச் சத்தம் வேணும்மா. அது கேட்டா பட்டாளத்துப் பசங்க தட்டோட ஓடி வருவாங்க."

மூன்று டேக்கும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"டேக் அஞ்சு!" என்று கிளாப் அடித்தேன்.

"கட்! நாலு எங்கம்மா?"

எங்கள் மொழியில் நாலும் 'சா', சாவும் 'சா'. இந்த ஆஸ்பத்திரி லிஃப்டிலேயே நாலாம் எண் பொத்தான் கிடையாது.

"வேணாம்னுதான் விட்டேன், ஐயா..."

"சுண்டைக்காய் நம்பருக்குப் பயந்தா படம் எடுக்க முடியுமா? கொண்டா இங்க!"

கிளாப்பைப் பிடுங்கி, "டேக் சா!" என்று தானே அடித்தார். நர்ஸ் சுரண்டி முடிக்கும்வரை கண்மூடிக் கேட்டார்.

"கட்! பாத்தியா, இன்னும் இருக்கேன். இப்ப அடி, அஞ்சு."