காத்தாயி வீட்டு ஆள்

பொறாமை என்று சொல்லப் பலருக்கு வாய் கூசும். எனக்குக் கூசாது. என் அண்ணன் பெண்டாட்டி காத்தாயியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். வயிறெரியப் பட்டேன்.

அவள் எங்கள் தெருவுக்கு வாழ வருகிற வரைக்கும் நடவு வயலில் பாட்டெடுத்தவள் நான். நான் ஓரடி எடுத்துவிட, இருபது பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். காத்தாயி வந்த முதல் நடவிலேயே, "புதுப்பொண்ணு ஒண்ணு எடுத்து விடட்டுமே" என்றார்கள். பாட்டே அவளுக்குத் தெரியாது. நான்தான் உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டேன். மறுநாளிலிருந்து என்னைப் பாடச் சொல்லி ஒருத்தியும் கேட்கவில்லை. நல்ல குரல்தான், இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அதற்காக இருக்கிறவளை இப்படியா தூக்கி வரப்பில் வைப்பது?

சரி, பாட்டு போனால் போகட்டும், எனக்கு மூன்ஸ்டார் இருந்தது.

மூன்ஸ்டார் என்பது கூத்தாநல்லூர் முகம்மது யூசுப்பின் இசைக் குழு. ஆறு பேர். மற்ற குழுக்களெல்லாம் சினிமாப் பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் யூசுப் தானே பாட்டுக் கட்டி, மின்சார கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடுவார். அந்த கிடார் அலறியதை நான் முதலில் கேட்டது மன்னார்குடியில், ரைஸ்மில் முதலாளி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில். எங்கள் தெரு ஆட்களைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள். வெளியே கீற்றுத் தட்டியை விலக்கி ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதற்கப்புறம் நாலு கச்சேரி, நாலும் தட்டி மறைவில்தான். டிரம் அடிக்கிற கோவிந்தராசு இடக்கைக்காரர், யூசுப் உச்சத்துக்குப் போகும்போது வலது காலை உதைப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. கிடார் படம் போட்ட அவர்களுடைய நோட்டீஸ் ஒன்றை என் தகரப் பெட்டி மூடியின் உள்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருந்தேன். காத்தாயி அதைப் பார்த்து, "இது என்னாடி, வீணைக்கு இடுப்பு ஒடிஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். அவளுக்குத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

அந்தப் புரட்டாசியில் நடவுக் கூலியை உயர்த்தச் சொல்லி எங்கள் செங்கொடிச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. ஆட்சி கழகத்துக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியும் நிலம் என்னவோ மிராசுதார் பஞ்சநதத்திடம்தான் இருந்தது. வெளியூர் ஆட்களை வண்டி வைத்துக் கொண்டுவந்து அவர் நட்டுவிடுவார் என்று பேச்சு. அதனால் வெள்ளிக்கிழமை பெண்கள் எல்லோரும் சாலையில் உட்கார்ந்து வண்டிகளை மறிப்பது என்று முடிவாயிற்று. சங்கத்தின் ஊர்த் தலைவர் என் அண்ணன் செல்லதுரை.

பாழாய்ப்போன அதே வெள்ளிக்கிழமைதான் மன்னார்குடித் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் திடலில் கழகத்து விழா. மூன்ஸ்டார் கச்சேரி. ஊருக்கு ஊர் தகராறாக இருந்ததால் இருட்டினபின் கூட்டம் கூடக் கூடாது என்று போலீஸ் உத்தரவு. கச்சேரி பகல் மூன்று மணிக்கே. திறந்த திடல், தட்டி கிடையாது. யூசுப்பை இரண்டு கண்ணாலும் பார்க்கலாம்.

நான் நிலைகொள்ளாமல் தவித்ததைக் காத்தாயி கண்டுகொண்டாள்.

"போய்ட்டு வாடி. கேட்டா வயித்து வலின்னு சொல்லிக்கிறேன்."

"அண்ணன் திட்டுமே அண்ணி?"

"ஒங்க அண்ணன நான் பாத்துக்கிறேன். நீ கெளம்பு."

நன்றியாக ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. பெரிய மனசு காட்டுகிறாளாக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கிளம்பினேன்.

ஐந்து மைல் நடந்து பன்னிரண்டு மணிக்கெல்லாம் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்று மணி ஆயிற்று, குழுவைக் காணோம். நாலு ஆயிற்று. கூட்டம் விசிலடித்துக் கத்தியது. நாலரைக்கு ஒரு வேன் சேறும் சகதியுமாக வந்து நின்றது. யூசுப் ஓடிவந்து மேடையேறினார். எனக்கும் அவருக்கும் பத்தடிதான் இருக்கும். சட்டையில் வியர்வை படிந்திருந்ததுகூடத் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிக்கணும்" என்றார் மைக்கில். "வர்ற வழியில கீழவேலங்குடிப் பொம்பளைங்க வண்டிய மறிச்சுட்டாங்க. உள்ளே நடவுக்கு வெளியாளு இருக்குன்னு அவங்களுக்குச் சந்தேகம். டிரம்ம எறக்கி அடிச்சுக் காட்டுற வரைக்கும் நம்பல."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழவேலங்குடி எங்கள் ஊர். யாரைப் பார்க்க நான் ஐந்து மைல் நடந்து வந்து காய்ந்துகொண்டிருந்தேனோ, அந்த மனுஷர் எங்கள் தெருமுனையில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்!

அதோடு விட்டாரா? "அங்கே காத்தாயின்னு ஒருத்தங்க நடவுப் பாட்டு பாடினாங்க. நான் ரோட்டுல நின்னே கிடார் வாசிச்சேன். இப்படி ஒரு குரல் நான் கேட்டதில்லைங்க."

ஐந்து கச்சேரி பார்த்தவள் நான். நோட்டீஸ் ஒட்டி வைத்தவள் நான். கிடாரைப் பார்த்து இடுப்பு ஒடிந்த வீணையா என்று கேட்டவள் அவள். அவர் வாயில் வருகிற பேர் காத்தாயியா? வயலைப் பிடுங்கிக்கொண்டாய், சரி. இதையுமா பிடுங்குவாய், பாவி?

"காத்தாயி வீட்டு ஆளு ஒருத்தங்க இங்கே வந்திருப்பாங்கன்னு சொன்னாங்க. யாருங்க அது? கொஞ்சம் மேடைக்கு வாங்க."

திடலே திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் அசையவில்லை. மேலே போனால் என்ன சொல்வார்? உங்க அண்ணி அப்படிப் பாடினாங்க, இப்படிப் பாடினாங்க என்பார். நான் ஈயென்று இளித்துக்கொண்டு நிற்க வேண்டும். காத்தாயி வீட்டு ஆளாம்! அது என் அப்பன் வீடு, அவள்தான் அங்கே வந்தவள்.

"வெக்கப்படாதீங்க, வாங்க" என்று இரண்டாம் முறை கூப்பிட்டார். அவர் பார்வை எங்கள் வரிசையைத் தடவிக்கொண்டு போனது. என் மேல் ஒரு கணம் நின்றது.

பக்கத்திலிருந்த பெண் என்னை இடித்தாள். "நீ கீழவேலங்குடிப் பக்கந்தானே?"

"நான் நீடாமங்கலம்" என்றேன்.

யூசுப் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கிடாரை எடுத்தார். நான் காத்தாயிக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டைத்தான் வாசித்தார். திடல் முழுக்கக் கைதட்டியது. நான் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சத்தில் அவர் காலை உதைத்தாரா என்றுகூட நான் பார்க்கவில்லை.

வீடு திரும்பியபோது தெருவில் பெண்களே இல்லை. அண்ணன் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது.

"வேன் போன கொஞ்ச நேரத்துல போலீஸ் வந்துடுச்சு. பதினெட்டு பேரையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஒனக்கு வயித்து வலி தேவலையா?"

"தேவல" என்றேன். அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை கஞ்சித் தூக்கோடு மன்னார்குடி ஸ்டேஷனுக்குப் போனேன். கோர்ட்டுக்குக் கொண்டுபோக எல்லோரையும் பின்கட்டில் உட்கார வைத்திருந்தார்கள். காத்தாயியின் ஒரு கை வளையல் முழுக்க உடைந்திருந்தது. என்னைக் கண்டதும் கம்பிக் கதவுக்கு ஓடிவந்தாள். கஞ்சியைப் பார்க்கவேயில்லை.

"கூப்பிட்டாராடி?"

"யாரு?"

"அந்தக் கிடாரு பாய்தான். ஒரு பாட்டு பாடுங்கன்னாரு. பாடறேன், ஆனா அதுக்குக் கூலி உண்டுன்னேன். எங்க நாத்தனா அம்சவல்லி ஒங்க கச்சேரிக்குத்தான் வந்திருக்கா, இத்தன நாளும் தட்டிக்குப் பின்னால நின்னே பாத்தவ, இன்னிக்கு அவள மேடையில ஏத்தி ஒங்க பக்கத்துல நிக்க வைக்கணும், கிடாரத் தொட விடணும்னேன். சரின்னு சத்தியம் பண்ணுனாரு. அப்புறந்தான் பாடினேன், வண்டிக்கு வழியும் விட்டோம். கூப்பிட்டாரா இல்லியா, சொல்லேன்!"

அவர் என் பேரை மறந்திருக்கிறார். பாடியவள் பேர் மட்டும் நினைவில் நின்றிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது. மிச்சத்தை நடத்தியவள் நான்.

அவளுக்குப் பின்னால் பதினேழு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிட்டாரு" என்றேன்.

"ஏறுனியா?"

"ஏறுனேன் அண்ணி."

"கிடாரத் தொட்டியா? எப்பிடிடி இருந்துச்சு?"

"சில்லுன்னு இருந்துச்சு."

காத்தாயி திரும்பி, "கேட்டீங்களா, நம்ம அம்சம் மேடையேறிட்டா!" என்று கூவினாள். பதினெட்டுப் பேரும் சேர்ந்து குலவையிட்டார்கள். ஏட்டு அதட்டியும் நிறுத்தவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

வருஷம் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது. காத்தாயி இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்கிறாள். நடுவில் நிறுத்தி, "மேல எப்பிடி இருந்துச்சுன்னு நீயே சொல்லுடி" என்பாள். நானும் சொல்வேன். அவள் மேல் இருந்த பொறாமை அந்தக் கம்பிக் கதவிலேயே போய்விட்டது. இப்போது என் வயிற்றெரிச்சலெல்லாம் அந்த இன்னொரு அம்சவல்லி மேல்தான். கூப்பிட்டதும் எழுந்து போனாளே, அவள் மேல்.