கடைசிப் பால்

மனுசனை மனுசன் மதிப்பதற்கும் இப்போது வகுப்பு வைக்கிறார்கள். ரெண்டு நாள், மத்தியானச் சாப்பாட்டோடு. அப்பாசாமிக்கு அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்க்காமல் செல்போனைப் பார்க்கிறான். எதிர்வீட்டில் சாவு விழுந்தால் வாட்ஸப்பில் கும்பிடு போடுகிறான், தெருவைத் தாண்டி வருவதில்லை. கையிலிருக்கும் பால் நல்ல பாலா என்றால், இருங்க, மிஷினைக் கேட்டுச் சொல்றேன் என்கிறான். ஊரே கெட்டுக் குட்டிச்சுவராகிக் கிடக்கிறது. இந்த லட்சணத்தில் வீட்டுக்காரியும் வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள்.

வீட்டுக்காரி வேதா, கிரிவலப் பாதையை ஒட்டிய அவர்கள் ஊரின் பால் சங்கத்துக்குத் தலைவியாகி எட்டு மாதம் ஆகிறது. தலைவிகளுக்கெல்லாம் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ் ஹாலில் பயிற்சி. முதல் நாள் முடிந்து வந்தவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து டி.வி. மேல் வைத்தாள். 'எனக்கு மதிப்பானவை' என்று மேலே அச்சடித்து, கீழே மூன்று கோடு. அப்பாசாமி மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். முதல் கோட்டில் 'சொன்ன சொல்'. இரண்டாவதில் 'எல்லாருக்கும் ஒரே அளவு'. மூன்றாவது காலி.

"மூணாவது இன்னா?" என்றார்.

"யோசிக்கிறேன். காலைல எழுதிக் குடுக்கணும்."

"நாப்பது வருசமா ஒரே வீட்ல கீறேன். இதுல யோசிக்க இன்னா கீது?"

"உங்க பேர எழுதச் சொல்றீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? மாட்டுப் பேர எழுது."

"மாட்டுக்குப் பேரே வெக்கலியே நீங்க."

அப்பாசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மறுநாள் பௌர்ணமி. விடிவதற்கு முன்பே மாட்டடியில் உட்கார்ந்து கறந்தார். முதலில் வரும் பால் தண்ணியாக வரும், மடி ஒட்டும்போது வரும் கடைசிப் பால்தான் கெட்டி. மாடு வைத்திருக்கும் வீட்டில் பச்சைப் பிள்ளைக்கும் இது தெரியும். அந்தக் கடைசிப் பாலில் அரை டம்ளரை வேதாவின் காபிக்குத் தினமும் எடுத்து வைப்பார். எடுத்து வைக்கிறேன் என்று சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இன்றைக்குப் பொழுதெல்லாம் அந்த ஹாலில் உட்காரப் போகிறாளே, அங்கே கொடுக்கிற டீயைக் குடித்தால் வயிறு என்ன ஆவது என்று ஒரு சொம்பு நிறையவே எடுத்துவிட்டார். வீட்டில் ஒரு டம்ளர் காபி, பிளாஸ்க்கில் ரெண்டு டம்ளர்.

வேதா ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள். "இன்னா இது, காபி நெய்யாட்டம் கீது?"

"வாய மூடிக்கினு குடி. நேரமாவுது."

அவள் குடித்துவிட்டுச் சங்கத்துக்குப் போனாள். மிச்சப் பாலைக் கேனில் ஊற்றிக்கொண்டு அவரும் பின்னாலேயே போய் வரிசையில் நின்றார்.

அவருக்குப் பின்னால் சகாதேவன் நின்றான். பத்து நாளைக்கு முன்னால் இவன் பாலில் தண்ணீர் இருக்கிறது என்று வேதா திருப்பி அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து, தலைவியை மாற்ற வேண்டும் என்று ஒரு மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். இன்னும் நாலே நாலு கையெழுத்து விழுந்தால் வேதா நாற்காலியை விட்டு இறங்க வேண்டியதுதான்.

பாலைச் சோதிக்கும் சக்திவேல், அப்பாசாமியின் பாலை மிஷினில் வைத்தான். பார்த்தான். துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். அப்புறம் குரலை இறக்கி, "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்றான்.

வேதா எழுந்து வந்தாள்.

"தண்ணி இல்லக்கா. கொழுப்புதான் ரொம்பக் கம்மியா காட்டுது. எடுத்துக்கிற அளவுக்கு இல்ல."

சகாதேவன் காதில் அது விழுந்துவிட்டது. "யாருக்கு? அப்பாசாமி அண்ணனுக்கா கொழுப்பு கம்மி? இந்த ஊர்லியே அவருக்குத்தானே ஜாஸ்தி!"

வரிசை முழுக்கச் சிரித்தது.

"மிஷினு ரிப்பேரு" என்றார் அப்பாசாமி. "வேற பால ஊத்திப் பாரு."

சக்திவேல் சகாதேவனின் பாலை வைத்தான். அது நன்றாகவே காட்டியது, பெரிய கேனில் ஊற்றிக்கொண்டான். அப்பாசாமிக்கு மண்டைக்குள் சூடு ஏறியது. பத்து நாளைக்கு முன்னால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தவன் பால் நல்ல பால். ஒரு சொட்டு கலக்காத தன் பால் கெட்ட பால். ஒரு சொம்பு எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பால் இல்லாமல் போய்விடுமா?

"பெரிய கேன்ல சேத்து ஊத்திடட்டுமாக்கா? ஒண்ணும் தெரியாது" என்று சக்திவேல் முணுமுணுத்தான்.

சகாதேவன் பையிலிருந்து மனுவை எடுத்து விரித்தான். "ஊத்துப்பா, ஊத்து. என் பாலுக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரர் பாலுக்கு ஒரு சட்டம். யாரு இன்னும் கையெழுத்துப் போடல? வாங்க."

எல்லாரும் வேதாவைப் பார்த்தார்கள். அப்பாசாமியும் பார்த்தார். நாற்பது வருசத்தில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறார். இன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"திருப்பிக் குடுத்துடு" என்றாள்.

"இந்தா, நான்தான் நிக்கிறேன்" என்றார் அப்பாசாமி.

"தெரியுது. எடுத்துக்கினு போங்க."

"என்னா கலந்தாருன்னு சொல்லிட்டு அனுப்புங்க தலைவியம்மா" என்றான் சகாதேவன். "ஊருக்குத் தெரியட்டும்."

காரணம் அப்பாசாமிக்குத் தெரியும். காபிக்குப் பால் எடுத்த விஷயம் இவன் வாயில் விழுந்தால் தீபம் வரைக்கும் இதையே சொல்லிச் சிரிப்பான். தண்ணீர் கலந்தவன் என்ற பேரே தேவலை.

"அவரு ஒண்ணும் கலக்கல" என்றாள் வேதா, கடைசி ஆள் வரைக்கும் கேட்கிற மாதிரி. "கெட்டியா வர்ற கடைசிப் பால எங்காபிக்குன்னு ஒரு சொம்பு எடுத்து வெச்சிட்டாரு. குடிச்சவ நான். அதான் இதுல கொழுப்பில்ல. காரணம் எதுவா இருந்தா இன்னா, குறைஞ்சா திரும்பத்தான் போவணும்."

வரிசையில் எழுந்த சிரிப்பில் சங்கத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. அப்பாசாமி அறுபத்தெட்டு வயசில் முதல் தடவையாக ஒளிந்துகொள்ள இடம் தேடினார்.

"அத ஏண்டி இங்க சொல்ற!"

"எங்க வீட்ல ஒருத்தரு கீறாரே" என்று வரிசையில் நின்ற தேவிப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குன்னு சுடுதண்ணி கூட எடுத்து வெச்சதில்ல." அவள் கேனைக் கீழே வைத்துவிட்டு சகாதேவனிடம் கையை நீட்டினாள். "சகாதேவண்ணா, அந்தப் பேப்பரைக் குடு. என் பேர அடிச்சிடறேன்."

"என் பேரையும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சகாதேவன் மனுவை நாலாக மடித்துப் பையில் திணித்துக்கொண்டு, "காலங்காத்தால புருசன் பொண்டாட்டி கூத்து" என்றபடி தன் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

அப்பாசாமி தன் நிறைந்த கேனோடு வெளியே வந்தார். பௌர்ணமி என்பதால் பொழுது ஏறினால் பாதையில் ஆட்டோவை விட மாட்டார்கள். அதனால் வேதாவும் கணக்கு நோட்டை சக்திவேலிடம் கொடுத்துவிட்டுப் பிளாஸ்க்கோடு அவசரமாக வந்தாள்.

"கோவமா?"

"எனக்கு இன்னா கோவம்? மதிக்கிறதுக்கு வகுப்புக்குப் போயி, மானத்த வாங்கக் கத்துக்கினு வந்துக்கீற."

"ஊத்தியிருந்தா ஞாயித்துக்கெழம என்னை இறக்கியிருப்பாங்க."

"இறக்கினா இறங்கு. வூட்ல வேலையா இல்ல?"

வேதா பிளாஸ்க்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நாளைக்குக் கறந்தது பூரா ஒண்ணா கலந்து எடுத்தாங்க. எங்காபிக்கும் அதுல இருந்தே எடுத்துக்கலாம்."

"சப்புனு இருக்கும்."

"இருந்துட்டுப் போவட்டும்." பிளாஸ்க்கைப் பையில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். "இத மட்டும் அங்க யாருக்கும் குடுக்க மாட்டேன்."

"அங்க எதுனா மிஷினு கீதான்னு பாரு. ஊத்திப் பாத்துட்டுக் குடி. அந்தக் காயிதத்துல மூணாவதா மிஷினு பேர எழுதிக்க."

"அதுக்கும் பேரு வெக்கலியே" என்று சொல்லி, வந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். சிரித்தாளா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதை முழுக்கக் கிரிவலக் கூட்டம், வெறுங்காலோடு ஒரே திசையில் வந்துகொண்டிருந்தது. வீடு எதிர்ப்பக்கம். அப்பாசாமி கேனைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தார்.

"பெரியவரே, மலைய எதிர்ல சுத்தக் கூடாது" என்றார் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருத்தர்.

"நான் எங்கய்யா சுத்தறேன்? என் மாடு அந்தப் பக்கம் கீது."

நடந்துகொண்டே மூடியைத் திறந்து ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பால்தான். நல்ல பால்தான். சகாதேவன் பாலுக்கே நல்ல மார்க் போடுகிற மிஷின். அதைப் போய் நம்புகிறாள்.