பட்டினி கிடக்கும் கொடுவா

வாயில்லா ஜீவன்களுக்காக வாழ்கிறவனே மனிதன். எண்ணூர்க் கழிமுகத்தில், கடற்கரை மீன் காப்புச் சங்கத்தின் வாசலில், இந்த வாசகம் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. பொறிக்கச் செய்தவர் சங்கத் தலைவர் ராவ் பகதூர் வேதகிரி. வெள்ளைக்காரன் கப்பலேறி ஐந்தாறு வருஷமாகியும் அவன் கொடுத்த பட்டத்தை மட்டும் அவர் போகவிடவில்லை. ஞாயிறுதோறும் காரில் வந்து மீன்களை ஒவ்வொன்றாகத் தூண்டிலில் மாட்டிக் காப்பாற்றுவார். காப்பாற்றப்பட்ட மீன் பகல் சாப்பாட்டுக்கு வறுவலாகும்.

அந்தத் தூண்டில் முனைக்கு உயிருள்ள இறால் வேண்டும். கொடுவா மீனுக்கு ஜமீன்தார் குணம்; செத்த இரையைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே ராவ் பகதூர் எழுந்து காப்பி குடிப்பதற்கு வெகுநேரம் முன்பே, வானம் சாம்பல் பூக்கும்போதே, பச்சையம்மாவும் அவள் புருஷன் மண்ணாங்கட்டியும் மற்றக் கரைக் குடிசைக்காரர்களும் கழியில் இறங்கியிருப்பார்கள். வலை கிடையாது. கைதான் வலை. முட்டி போட்டால் கழுத்தைத் தொடும் தண்ணீரில் தவழ்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். விரல் நுனியில் இறால் துள்ளும். துள்ளிய கணத்தில் அமுக்க வேண்டும். அமுக்கியதைப் போட ஒரு பனையோலைக் கூடை. பரி என்பார்கள். கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பரியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். சிப்பி முழங்காலைக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் ஏறும். ஆனால் கத்த முடியாது. கத்தினால் பரி விழும், இறால் தப்பும்.

கரையில் நாற்காலி போட்டு உட்காரும் சங்கத்து அங்கத்தினர்கள் இவர்களைக் கண்டதெல்லாம் வாயில் பரியோடுதான். “என்ன சாதுவான ஜனங்கள்! ஒரு வார்த்தை பேசறதில்லை” என்று தங்களுக்குள் மெச்சிக்கொள்வார்கள்.

ஓர் ஆனி மாதத்து ஞாயிறன்று மண்ணாங்கட்டி வாயைத் திறந்துவிட்டான். பேச்சல்ல, அலறல். சேற்றில் பதுங்கிக் கிடந்த திருக்கை மீன் அவன் கணுக்காலில் முள்ளை ஏற்றிவிட்டது. பரி கவிழ்ந்து மிதந்து போயிற்று. பச்சையம்மா அவனை அக்குளில் கைகொடுத்துக் கரைக்கு இழுத்துப் போட்டபோது கால் கறுத்து வீங்கத் தொடங்கியிருந்தது.

பூவரச மரத்தடியில் ராவ் பகதூரின் கார் நின்றது. டிரைவர் ஜெயவேல், கேட்கும் முன்பே பின்கதவைத் திறந்துவிட்டான்.

“யாரைக் கேட்டுடா திறந்தே?” என்றார் ராவ் பகதூர்.

“சாமி, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவணும். வெசம் ஏறிகினே கீது சாமி” என்றாள் பச்சையம்மா.

“சேறும் ரத்தமுமா இருக்கானே, சீட்டு என்னத்துக்கு ஆகும்? உப்பளத்து வண்டி ஏதாவது வரும், போ.” சொல்லிவிட்டு, இரக்க சுபாவம் விடாமல், “ஏம்மா, இறால் பூராவும் கொட்டிப் போச்சா?” என்றும் கேட்டார்.

உப்பு மூட்டைகளின் மேல் படுத்து மண்ணாங்கட்டி ராயபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். கால் தப்பியது, ஆனால் மடங்கவில்லை. மடங்காத காலோடு தவழ முடியாது. அவன் குடிசை வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பரி முடையத் தொடங்கினான்.

அந்தப் புண் ஆறும்முன் அடுத்த முள் ஏறியது. சங்கம் சர்க்காருக்கு மனுப் போட்டிருந்தது. கரைக் குடிசைக்காரர்கள் இறாலையெல்லாம் வாரிவிடுவதால் கொடுவா மீன்கள் பட்டினியால் அழிகின்றன. ஆகவே மீன்களின் நலனை முன்னிட்டுக் குடிசைகளை அகற்ற வேண்டும். வாரிய இறால் யார் தூண்டிலுக்குப் போயிற்று என்று எழுத மனுவில் இடம் போதவில்லை.

விஞ்ஞானச் சான்றுக்காக மீன் இலாகாவிலிருந்து டாக்டர் ராமதாஸ் வந்தார். மெலிந்த மனிதர். மீனின் வயிற்றைக் கிழித்து அது கடைசியாக என்ன தின்றது என்று பார்ப்பதே அவர் படித்த படிப்பு. ராவ் பகதூர் பிடித்த மீன்களை டாக்டர் கிழித்தார். எல்லாவற்றிலும் இறால் இருந்தது.

“அது நான் தூண்டில்லே மாட்டின இறால், டாக்டர்.”

“நீங்க மாட்டினது ஒண்ணுதானே சார். உள்ளே வயிறு முட்ட இருக்கே.”

“அப்படின்னா இது ஒழுங்கு கெட்ட மீன். நல்ல மீனா ஒண்ணு பிடிச்சுத் தரேன். நம்ம சங்கத்துத் தூண்டில் போட்டியன்னிக்கு டிப்டி கலெக்டர் முன்னாலேயே கிழியுங்கோ. உங்க உத்தியோக உயர்வு விஷயமா மேலே ஒரு வார்த்தை போட்டு வச்சிருக்கேன்.”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச வேண்டிய இடங்களில் அவர் கண்ணாடியைத் துடைப்பது வழக்கம்.

சேதியைக் குடிசைகளுக்குக் கொண்டுவந்தவன் ஜெயவேல். “மாமு, காலி வவுத்தோட ஒரு மீனு காட்டுனா போதும். மறுநாளே வூட்டப் பிரிக்க ஆளு வந்துரும்” என்றான் மண்ணாங்கட்டியிடம்.

அப்போதுதான் கழியிலிருந்து ஏறியவர்கள் ஈரத்துணி சொட்டச் சொட்டச் சுற்றி நின்றார்கள்.

“மீனு பட்னி கெடக்குதாமா?” என்றாள் பக்கத்துக் குடிசை முத்தம்மா. “எங்க வூட்டுப் புள்ளிங்க வவுத்தப் பாக்கச் சொல்லு அந்த டாக்டர. கஞ்சித்தண்ணி கூட இருக்காது.”

“நீ மீனா பொறந்திருந்தா ஒனக்கும் ஒரு சங்கம் வெச்சிருப்பாங்க. மனுசியா பொறந்தது ஒன் தப்பு” என்றாள் பச்சையம்மா.

சிரிப்பு எழுந்தது, நிலைக்கவில்லை. மண்ணாங்கட்டி பாதி முடைந்த பரியைக் கீழே வைத்தான். “தூண்டி அவங்க கையில கீது. முனையில மாட்டறது யார் கையில கீது?”

முத்தம்மா மெல்லக் கேட்டாள். “நாம எறங்கலன்னா பக்கத்துல காட்டுக்குப்பத்துல வாங்கிக்குவாங்களே?”

“அங்கயும் இதே சேறு, இதே பரி. இன்னிக்கி நம்ம வூடு, நாளிக்கி அவங்க வூடு. நான் போயி பேசறேன்” என்று பச்சையம்மா ஈரப் புடவையோடேயே கிளம்பினாள்.

போட்டி நாள் விடிந்தது. கரையில் பந்தல், தோரணம், பாண்டு வாத்தியம். கழியில் மட்டும் ஆளில்லை. குடிசைகளின் முன்னால் பரிகள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ராவ் பகதூர் கைத்தடியோடு வந்தார்.

“ஏன் இன்னும் யாரும் இறங்கலை?”

“மீனு பட்னி கெடக்குதுன்னீங்களே சாமி. அத்தோட சோத்துல நாங்க கை வெக்கலாமா?” என்றாள் பச்சையம்மா.

அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். “நீ எதிர்த்துப் பேசுவியா?”

“இத்தினி நாளா வாயில பரி இருந்துச்சி.”

“கூலி சேர்த்துத் தரச் சொல்றேன், இறங்கு.”

“கூலிப் பேச்சு அப்பால. மொதல்ல மனுவ வாபஸ் வாங்கு சாமி. அப்பால, இந்தாளு காலுக்கு ஒரு பதில் சொல்லு.”

“திமிரா? போலீசைக் கூப்பிடட்டுமா?”

“கூப்புடு. சேத்துல துழாவத் தெரிஞ்ச போலீசாப் பாத்துக் கூப்புடு.”

காட்டுக்குப்பத்துக்கு ஓட்டிய கார் வெறுமனே திரும்பியது. அங்கேயும் பரிகள் கவிழ்ந்து கிடந்தன. அங்கத்தினர்கள் செத்த இறாலைப் போட்டுப் பார்த்தார்கள். ரொட்டியை உருட்டிப் போட்டார்கள். ஒரு வக்கீல் கேக் போட்டார். கொடுவாக்கள் பட்டினிப் பிராணிகள் மாதிரியே நடந்துகொள்ளவில்லை.

டிப்டி கலெக்டர் வரும் நேரம் நெருங்கியது. ராவ் பகதூர் ஜெயவேலைக் காரின் மறைவுக்கு இழுத்துப் போனார். “ராயபுரம் போ. காஜா மொய்தீன் மீன் கிடங்கிலே பெரிய கொடுவா ஒண்ணு வாங்கிண்டு வா. யாருக்குன்னு சொல்லாதே.”

ஜெயவேல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். ஆள் கையளவு நீளம். கண் இன்னும் மங்கவில்லை.

“ஐயா, இது பெங்களூர் ரயிலுக்குக் கட்டி வெச்ச மீனு. பாய் ஒரு விசயம் சொல்லச் சொன்னாரு...”

“வாயை மூடு! இந்த மீனைப் பத்தி ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வரப்படாது.”

ஜெயவேல் மூடிக்கொண்டான். எஜமான் உத்தரவை அவன் அவ்வளவு மனமாரச் செய்தது அதுவே முதல் தடவை.

ராவ் பகதூர் நாணல் புதருக்குப் பின்னால் போய், முழங்கால் வரை நனைந்து, தூண்டிலில் மீன் தொங்கத் திரும்பினார். பாண்டு முழங்கியது. அப்போதுதான் வந்திறங்கிய டிப்டி கலெக்டர் கைகுலுக்கினார். “பசியிலே துவண்டிருந்தது, பாவம்! ஆனாலும் கடைசி வரைக்கும் என்னோட மல்லுக்கட்டித்து” என்றார் ராவ் பகதூர், மூச்சு வாங்க.

மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். டாக்டர் கத்தியை எடுத்தார். அதே நேரத்தில் குடிசைப் பக்கமிருந்து ஜனங்கள் வந்தார்கள். காட்டுக்குப்பத்தார் அவர்களோடு வந்தார்கள். ஒருவர் வாயிலும் பரி இல்லை. பந்தலுக்கும் குடிசைகளுக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்தார்கள். மண்ணாங்கட்டி மடங்காத காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தான்.

“யார் இவங்கல்லாம்?” என்றார் டிப்டி கலெக்டர்.

“நீங்க காலி பண்ண வந்த ஆளுங்க சாமி” என்றாள் பச்சையம்மா. “மீனு வவுத்துல இன்னா இருந்தாலும் சரி, இல்லாங்காட்டியும் சரி, நாங்க எழுந்திருக்கப் போறதில்ல. வர்ற ஞாயித்துக்கெழமையும் எறா கெடையாது.”

“கெடையாது!” காட்டுக்குப்பத்து வாய்கள் பின்னாலிருந்து சேர்ந்துகொண்டன. பாண்டுக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மனு பரிசீலனையிலே இருக்கு. உத்தரவு வரும்போது வரும்” என்றார் டிப்டி கலெக்டர், கையிலிருந்த மனு மேலிருந்து பார்வையை எடுக்காமல்.

“வரட்டும். வந்தா எங்களத் தாண்டிதான் வூட்டுக்குப் போவணும்” என்றான் மண்ணாங்கட்டி. பக்கத்தில் இருந்த முத்தம்மா நகர்ந்து அவனோடு தோளொட்டி உட்கார்ந்தாள். வரிசை முழுவதும் அப்படியே நெருங்கியது.

டாக்டர் வயிற்றைக் கிழித்தார். கையை விட்டார். கை அங்கேயே நின்றது.

“பார்த்தேளா, காலி!” என்று கூவினார் ராவ் பகதூர். அங்கத்தினர்கள் கைதட்டினார்கள். “எழுதுங்கோ டாக்டர், பட்டினின்னு எழுதுங்கோ!”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். மணலில் நீண்டிருந்த அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துடைக்காமலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“காலி இல்லை, சார்” என்றார்.

பெங்களூர் ரயிலுக்குப் போகும் பெரிய மீனை, ராயபுரத்தில் செவுள் வழியாகக் குடலை உருவிவிட்டுத்தான் கட்டுவார்கள். ராவ் பகதூர் சற்றுமுன் மல்லுக்கட்டிப் பிடித்த கொடுவாவுக்குக் குடல் இல்லை. வயிற்றில் ஐஸ் இருந்தது.